வேறுபாடு அல்ல, தேர்ச்சி

"கலாச்சார மாதிரிகள் புற்றுநோய் செல்களின் வேறுபாட்டைப் பாதிக்கின்றன." இப்படி ஒரு வரியைப் போன வாரம் மறுபடியும் படித்தேன். கலாச்சாரத்தை விடுங்கள். ஆங்கிலத்தில் இருந்த 'கல்ச்சர்' இங்கே செல் வளர்ப்பு, அதாவது செல்களை ஆய்வகத்தில் வளர்ப்பது, என்பது மொழிபெயர்த்தவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். என்னால் பொறுக்க முடியாதது அந்த 'வேறுபாடு'.

மூலச்சொல் டிஃபரன்சியேஷன். தனித்தனியே கொண்டுபோதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து கிளைத்தது. கணிதத்தில் வகையிடல் என்கிறோம், அங்கே வம்பில்லை. உயிரியலில், இன்னதென்று முடிவாகாத ஒரு செல் படிப்படியாக நரம்பு செல்லாகவோ குடல் செல்லாகவோ ஆகி, அதற்குரிய வடிவத்தையும் வேலையையும் பெறுவதைக் குறிக்கும்.

சரி, வேறுபாடு என்றால் என்ன? இரண்டுக்கு நடுவே இருப்பது. ஒரு செல் தானே வளர்ந்து ஒரு வேலைக்கு உரியதாவதை அது எப்படிச் சொல்லும்? அதுவாவது போகட்டும். திசுப் பரிசோதனை அறிக்கையில்தான் இந்தச் சொல் ஆபத்தாகிறது. புற்று செல்கள் தாம் பிறந்த திசுவின் சாயலோடு இருந்தால் 'நன்கு' டிஃபரன்சியேட் ஆனவை. சாயலே தெரியாவிட்டால் 'குறைவாக' ஆனவை. பொதுவாக வேகமாக வளர்ந்து பரவுவது பின்னதுதான். இதைக் 'குறைவாக வேறுபட்ட புற்று' என்று எழுதிக் கொடுத்தால், படிக்கும் நோயாளியின் மகள் என்ன நினைப்பாள்? இயல்பான செல்லிலிருந்து கொஞ்சம்தான் மாறியிருக்கிறது, பயமில்லை என்று. பொருள் அப்படியே தலைகீழ்! 'வேறுபாடுறுதல்' என்று வால் ஒட்டுபவர்களும் உண்டு. ஒட்டினால் வினைச்சொல் கிடைக்கும், இந்தக் குழப்பம் போகாது.

நான் எழுதுவது தேர்ச்சி. தொழிலில் தேர்ந்தவர் என்கிறோமே, அதே தேர்ச்சி. தேர்ந்த செல், தேராத செல், தேர்ச்சி குன்றிய புற்று, பெற்றது கைவிட்டுப் போனால் தேர்ச்சியிழப்பு. எப்படித் திருப்பினாலும் சொல் வளைந்து கொடுக்கிறது. பரீட்சை ஞாபகம் வருகிறதே என்று நண்பர் ஒருவர் சிரித்தார். வரட்டுமே.

ஆய்வகத்தில் வைத்துப் பார்ப்போம். கேக்கோ-2 என்பவை பெருங்குடல் புற்றிலிருந்து எடுத்த செல்கள். வளர்ப்புத் தட்டில் இடைவெளியில்லாமல் நிறைந்த பிறகு, சுமார் 3 வாரத்தில், மேல்புறம் நுண்விரல்கள் முளைத்துச் சிறுகுடலின் உறிஞ்சும் செல்கள் போலவே ஆகிவிடும். புற்று செல்தான், ஆனாலும் வளர்ப்புச் சூழல் அமைந்தால் தேர்ச்சி பெறுகிறது. மார்பகச் செல்களை எடுத்துக்கொண்டால், இயல்பானவை கெட்டியான பிளாஸ்டிக்கில் தட்டையாகப் படரும். அடித்தளச் சவ்வின், அதாவது உடலில் இந்தச் செல்களுக்கு அடியில் இருக்கும் மெல்லிய படலத்தின், புரதங்கள் கொண்ட மென்கூழில் வைத்தால் உருண்டு, நடுவில் குழிவிட்டு, சுரப்பியின் நுனி போலாகும். அதே கூழில் புற்று செல்கள் ஒழுங்கில்லாமல் குவியும். பீட்டா-1 இன்டெக்ரின் என்ற புரதத்தை எதிர்ப்பொருளால் மறித்தபோது அவையும் ஒழுங்கான உருண்டைகளாகத் திரும்பியதை 1997-இல் புற்றுநோய் ஆய்வாளர் மினா பிஸ்ஸெல் குழுவினர் காட்டினார்கள். இதையெல்லாம் 'வேறுபாடு' என்று எழுதிப் பாருங்கள். இயல்பான செல்லைப் போல ஆனதைச் சொல்ல வந்து, வேறாகிப் போனதாக எழுதியிருப்பீர்கள்.

அந்த முதல் வரியை நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "வளர்ப்பு முறை மாறினால் புற்று செல்களின் தேர்ச்சியும் மாறும்."