நின்றாலும் ரன், நடத்தினாலும் ரன்

அமெரிக்காவில் ஒருவர் தேர்தலில் போட்டியிட்டால், ஆங்கிலத்தில் அவர் 'ரன்' செய்கிறார். அதே வேலையைப் பிரிட்டனில் செய்பவர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். தமிழிலும் வேட்பாளர் நிற்கத்தான் செய்கிறார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு நிறுவனத்தை 'ரன்' செய்கிறவர், தமிழில் அதை நடத்துகிறார். நடத்துவது என்றால் நடக்க வைப்பது. அவர்கள் ஓடவிட்டதை நாம் நடக்கவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள் கொண்ட சொல் எது என்று கேட்டால், நெடுங்காலம் 'செட்' என்றுதான் பதில் வரும். 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், அந்த ஒரு சொல்லுக்கான விளக்கமே ஏறக்குறைய 60,000 சொற்களுக்கு நீண்டது. தனிப் புத்தகமாகவே போட்டிருக்கலாம். அப்புறம் அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் 'ரன்' முறை வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் சுமார் 9 மாதம் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினார். 2011-இல் கணக்கு வெளியானது: வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய வேர்ட்நெட் என்ற சொல்தொகுப்பில், அதே வினைச்சொல்லுக்கு 41 பொருள்தான் இருக்கிறது. ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்கு இயற்கையில் கோடு எதுவும் கிடையாது. கத்தி அகராதிக்காரர் கையில் இருக்கிறது. அவர் எவ்வளவு மெல்லிதாக நறுக்குகிறாரோ அவ்வளவு துண்டு.

சரி, ஒரு சொல்லுக்குள் இத்தனை பொருள் எப்படி வந்து சேர்கிறது? 'ரன்'னின் பழைய ஆங்கில வடிவங்களில் ஒன்று 'ரின்னன்'. மனிதர் ஓடுவதையும் அது குறித்தது, நீர் வழிந்தோடுவதையும் குறித்தது. அதன் உறவுச் சொல்லான ஜெர்மன் 'ரின்னன்' இன்றும் வழிவதைத்தான் சொல்கிறது. ஆகவே சளி பிடித்தவரின் மூக்கு ஆங்கிலத்தில் 'ரன்' ஆவது யாரோ கற்பனையாகச் சொன்னதல்ல, அது ஆதியிலேயே இருந்த பொருள். குழாய், மணல் கடிகாரம், துவைத்தால் கரையும் சாயம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. தடையில்லாமல் தொடர்ந்து செல்வது என்ற எண்ணம் பிறகு இயந்திரங்களுக்குத் தாவியது. எஞ்சின் 'ரன்' ஆனது, அதை இயக்குபவரும் 'ரன்' செய்தார். எஞ்சினை ஓட்டலாம் என்றால் கணினி நிரலையும் ஓட்டலாமே! ஒவ்வொரு தாவலும் சிறியதுதான். ஆனால் சங்கிலியின் இரு முனைகளை மட்டும் பிடித்துப் பார்த்தால், ஒழுகும் மூக்குக்கும் ஓடும் நிரலுக்கும் பொதுவாக ஒன்றுமே தெரியாது.

கிரிக்கெட் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். இரண்டு விக்கெட்டுக்கும் இடையே ஓடியதால் அதற்கு 'ரன்' என்று பெயர். இன்று பந்து எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டால், மட்டையாளர் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் நான்கு 'ரன்' வாங்கிவிடுகிறார். ஓட்டம் போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது.

இப்படி ஒரே வேரிலிருந்து பல பொருள் கிளைப்பது ஒரு வகை. பிரெஞ்சு மொழியியலாளர் மிஷெல் பிரெயால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு 'பாலிசெமி' என்று பெயர் வைத்தார். ஒலியால் மட்டும் ஒன்றுபோல் இருப்பது வேறு வகை. ஆறு ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனத்துக்குள் ஏதோ ஓடுகிறது: இவை ஒரே 'ஓடு'. கூரை ஓடும் முட்டை ஓடும் அந்தக் குடும்பமில்லை. பழைய சாம்பியன் 'செட்' விஷயத்திலும் இந்தக் கலப்படம் உண்டு. வைப்பது என்ற வினை, 'சிட்' என்பதோடு பிறந்த ஜெர்மானியச் சொல். உட்கார வைப்பது என்று பொருள். கூட்டம், தொகுதி என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் லத்தீன் 'செக்டா' இருக்கிறது. மதப்பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' வந்ததும் அங்கிருந்துதான். ஒரு சட்டைக்குள் இரண்டு பேர் நுழைந்து வாங்கிய பதக்கம் என்பேன்.

அதிகம் புழங்கும் சொற்களுக்கே பொருளும் அதிகம். அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஜிஃப் 1945-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்: பொருள்களின் எண்ணிக்கை, சொல் பயன்படும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. நான்கு மடங்கு புழங்கினால் சுமார் இரண்டு மடங்கு பொருள். புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால், பேசுகிறவர் கைக்கு எட்டும் சொல்லைத்தானே எடுப்பார்?

கேட்பவர் எப்படிச் சமாளிக்கிறார்? 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 'பக்' என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கும் கருவியும்கூட. சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளாகவே அடுக்கிவிட்டு 'பக்' வரும் வாக்கியத்தை ஒலிக்கவிட்டார். அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் திரையில் ஒரு சொல் தோன்றும். பூச்சியோடு தொடர்புடைய சொல்லை மட்டுமல்ல, உளவோடு தொடர்புடைய சொல்லையும் கேட்டவர்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். மூன்று அசை கழித்துச் சோதித்தபோது, உளவு அணைந்து பூச்சி மட்டும் மிஞ்சியிருந்தது. அதாவது, மூளை முதலில் இரண்டு கதவையும் திறந்துவிட்டு, பிறகு ஒன்றைச் சாத்துகிறது. நாம் அதை உணர்வதே இல்லை.

இனி ஒத்த சொற்கள். 1066-இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன, அவற்றின் மேல் லத்தீன் படிந்தது. அதனால் கேட்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டெராகேட்' என்று மூன்று அடுக்கு. முதலாவது வீட்டில், கடைசியானது போலீஸ் விசாரணையில். நிறுவனத்தை 'ரன்' செய்வதற்குப் பதில் 'மேனேஜ்' செய்யலாம். அது குதிரையைக் கையால் பழக்குவதற்கான இத்தாலியச் சொல்லின் வழியே வந்தது. ஆனால் மூக்கை யாரும் 'மேனேஜ்' செய்வதில்லை. ஒத்த சொல் என்பது 'ரன்'னின் ஏதாவது ஒரு கிளைக்கு மட்டும்தான் ஒத்தது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது கணினிக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 1949-இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், ஒரு சொல்லின் இருபுறமும் உள்ள சில சொற்களைப் பார்த்தால் பொருளைப் பிடித்துவிடலாம் என்றார். 1960-இல் யெஹோஷுவா பார்-ஹில்லெல் என்ற மொழியியலாளர் அதற்கு ஒரு முட்டுக்கட்டை போட்டார்: 'பெட்டி பென்னுக்குள் இருந்தது.' 'பென்' என்றால் பேனா, குழந்தை விளையாடும் அடைப்பும்கூட. பேனாவுக்குள் பெட்டி அடங்காது என்று இயந்திரத்துக்கு யார் சொல்வது? உரையைப் படித்து எழுதும் இன்றைய கணினி மொழி மாதிரிகள் வீவரின் யோசனையைத்தான் பிரம்மாண்டமாக்கியிருக்கின்றன. ஒரு சொல் வரும் ஒவ்வொரு முறையும், சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு அதற்குப் புதிதாக ஓர் எண்வரிசையைக் கணக்கிடுகின்றன. மூக்கு வாக்கியத்து 'ரன்' வழிதலுக்கு அருகிலும், நிறுவன வாக்கியத்து 'ரன்' நிர்வாகத்துக்கு அருகிலும் போய் உட்காருகிறது. கில்லிவர் பிரித்து வைத்த 645 பெட்டிகளை யாரும் அந்த மாதிரிகளுக்குக் கொடுத்திருக்கவில்லை.