பாலத்தில் கசிந்த இரத்தம்

மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடிக்கு பஸ் ஏறுகிறவர் கல்லடிப் பாலத்தைத் தாண்டியே ஆக வேண்டும். 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை 1924ஆம் ஆண்டின் ஒடுங்கிய இரும்புப் பாலம் ஒன்றே இருந்தது. மூளைத்தண்டின் நடுப்பகுதியின் பெயர் பொன்ஸ்; இலத்தீனில் பாலம் என்று பொருள். மூளை கைகால்களுக்கு இடும் கட்டளையும் உடலிலிருந்து மேலே போகும் உணர்வும் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமுள்ள அந்த இடத்தைக் கடந்தாக வேண்டும். நம்மை விழிப்பாக வைத்திருக்கும் நரம்பு வலையும் அங்கே ஓடுகிறது.

ஆண்டுக்கணக்காகக் கவனிக்காமல் விட்ட பிரஷர், அங்குள்ள மெல்லிய நாடிகளை நலியவைத்து ஒருநாள் வெடிக்கச் செய்கிறது. இடம் அவ்வளவு நெருக்கமானதால் தேக்கரண்டியளவு இரத்தம்கூட உயிருக்கு ஆபத்து.

பொன்ஸில் இரத்தம் கசிந்தவர் மீள்வாரா என்ற கேள்விக்கு முதல் நாட்களில் இரண்டு விடயங்களை வைத்தே வைத்தியர்கள் பதில் சொல்கிறார்கள்: கசிவின் அளவு, கொண்டுவரும்போது இருந்த நினைவு. பெரிய கசிவும் ஆழ்ந்த மயக்கமும் சேர்ந்துவிட்டால் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. இதைக் குடும்பத்தாரிடம் மறைக்கக் கூடாது. ஒரு பக்கத்தோடு நின்ற சிறு கசிவுக்கு நம்பிக்கை அதிகம்.

பிழைத்தவரின் நரம்பிழைகளில் சில அறுந்திருக்கும், சில நசுங்கி மட்டும் இருக்கும். வாரக்கணக்கில் இரத்தம் கரைந்து, வீக்கம் வடிய, நசுங்கியவை மெல்ல வேலைக்குத் திரும்புகின்றன. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறுந்தவை திரும்பா, எஞ்சிய பாதைகள் அந்தச் சுமையை ஏற்கப் பழக வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் வருமுன் அங்கே வாவியைப் 'பாதை' என்ற மிதவையில் கடந்தவர்களுக்கு இது புரியும். ஆட்கள் கொஞ்சம், வேகம் குறைவு, ஆனாலும் அக்கரை சேரலாம். இயன்மருத்துவர் ஒரே அசைவை நூறு தடவை செய்யச் சொல்வது இதற்காகத்தான். ஓராண்டு கடந்தும் முன்னேறுகிறவர்கள் உண்டு. இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழறும் பேச்சு, கடும் களைப்பு ஆகியவை பலரிடம் தங்கிவிடுகின்றன.

வீட்டுக்கு வந்தபின் நான் மிகவும் அஞ்சுவது விழுங்குதலைத்தான். உணவு தவறிச் சுவாசப்பைக்குள் போனால் நியூமோனியா வரும். ஒரு மிடறு கஞ்சிக்குப்பின் குரல் ஈரமாகக் களகளத்தால் உடனே நிறுத்துங்கள். மூக்குக் குழாயைப் பார்த்து மனமுடைந்து, பாசத்தால் வாயில் ஊட்டிவிடாதீர்கள்.

என் பெரியப்பா பொன்ஸில் இரத்தம் கசிந்து மூன்று வாரம் அசையாமல் கிடந்தார். நினைவில்லை என்றே எண்ணினோம். ஒருநாள் இயன்மருத்துவர் குனிந்து, "ஐயா, நான் பேசுவது கேட்டால் மேலே பாருங்கள்" என்றார். இரண்டு கருவிழிகளும் மெல்ல மேலே போயின. கண்ணை மேலும் கீழும் அசைக்கும் நரம்பு மையம் பொன்ஸுக்கு மேலே, நடுமூளையில் இருக்கிறது. கசிவு அதுவரை எட்டவில்லை. நினைவாற்றலும் மொழியும் அதற்கும் மேலே, பெருமூளையில் பத்திரமாக இருந்தன.

பதினோராம் மாதம் குழறலாகப் பேச்சு வந்தது. கட்டிலருகில் நின்று நாங்கள் பேசியதைத்தான் முதலில் கேட்டார்: "படுவான்கரை வயலை விற்றுவிட்டீர்களா?"