வதந்தி ஒரு வங்கியைக் கவிழ்ப்பது எப்படி?

மாதம் 10ஆம் திகதி தாண்டினால் அட்டன் நகர வங்கிகளில் காலையிலேயே வரிசை நிற்கும். தோட்டச் சம்பளம் வந்திருக்கும். அடகு நகையை மீட்க வந்தவர்கள் ஒரு பக்கம், பாட்டியின் சேமிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்த பேரன் ஒரு பக்கம். யாரும் எதற்கும் பயப்படுவதில்லை. அந்த வரிசையைக் காட்டி யாரோ ஒருவர், "பேங்க மூடப் போறாங்களாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டால்?

இப்படி ஒன்று ஜப்பானில் நடந்தே இருக்கிறது. 1973 டிசம்பரில், ஐச்சி மாகாணத்தில், கோசகாய் என்ற சின்ன ஊரில். ரயிலில் போய்க்கொண்டிருந்த பள்ளி மாணவிகளில் ஒருத்திக்குத் தொயோகாவா ஷின்கின் வங்கியில் வேலை கிடைத்திருந்தது. அந்த மாதிரி இடமெல்லாம் ஆபத்து என்று தோழிகள் சீண்டினார்கள். அவர்கள் மனதில் இருந்தது கொள்ளைக்காரர்கள். அவளோ வீட்டுக்குப் போய், அந்த வங்கி ஆபத்தானதா என்று உறவுக்காரப் பெண்ணிடம் கேட்டாள். அவர் இன்னொரு உறவினரிடம் விசாரித்தார். பேச்சு அழகு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சலவைக் கடைக்கு வந்தபோது கொள்ளைக்காரனைக் காணவில்லை. வங்கியே நொடிந்துபோகிறதாம் என்று கதை மாறியிருந்தது.

சலவைக் கடையில் நடந்ததுதான் முக்கியம். சில நாள் கழித்து அங்கே வந்த ஒருவர், கடைத் தொலைபேசியில், அந்த வங்கியிலிருந்து ஒரு பெரிய தொகையை எடுக்கும்படி யாரிடமோ சொன்னார். அவருக்கு வதந்தி பற்றி எதுவுமே தெரியாது. வியாபாரத்துக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரர்களுக்கோ விஷயம் உறுதியாகிவிட்டது. தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார்கள். டாக்சி ஓட்டுநர்கள் வாயில் கதை இன்னும் தடித்தது. சில நாட்களில் சுமார் 200 கோடி யென் வெளியே போனது. வங்கியில் அதுவரை எந்தக் கோளாறும் இல்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், எண்ணெய் நெருக்கடிப் பயத்தில், ஜப்பானியர்கள் கடைகளில் கழிப்பறைத் தாளை எல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் நின்ற நமக்கு அந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை. எதற்கு நிற்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்பே காலி கேனோடு போய் நின்றவர்கள்தானே நாம்.

ஜப்பானியர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஒரு சிறு வங்கியை வைத்துப் பார்ப்போம். 100 பேர், ஆளுக்கு ஒரு இலட்சம் வைப்பு. மொத்தம் ஒரு கோடி. அதில் 10 இலட்சம் கையில் ரொக்கம். மிச்சம் 90 இலட்சம் லொறிக்கும் கடைக்கும் வீடு கட்டவும் கொடுத்த கடன். கடன் வாங்கியவர் ஐந்து, பத்து வருடத்தில் மெதுவாகக் கட்டுவார். வைப்பிட்டவரோ இன்றே கேட்கலாம். சாதாரண நாளில் நாலைந்து பேர்தான் கேட்பார்கள் என்பதால் வண்டி ஓடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்தால், அந்தக் கடன் பத்திரங்களை அவசரத்தில் யாருக்காவது விற்க வேண்டும். அவசரத்துக்கு விற்பவனுக்கு முழு விலை கிடைக்காது. 90 இலட்சத்துக்கு 70தான் தேறியது என்று வைத்துக்கொள்வோம். கையிருப்போடு சேர்த்து 80 இலட்சம். வரிசையில் முதல் 80 பேருக்கு முழுப் பணம், கடைசி 20 பேருக்குச் சல்லிக் காசு இல்லை.

இப்போது வதந்தி பொய் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும் என்றே இருக்கட்டும். மற்ற 99 பேர் நம்பிவிட்டால் நீங்கள் வீட்டில் இருப்பதா, ஓடுவதா? ஓடத்தான் வேண்டும். டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1983இல் கணித ரீதியாகக் காட்டியது இதைத்தான்: ஒரே வங்கி, எல்லோரும் அமைதியாக இருந்தால் நன்றாக நிற்கும்; எல்லோரும் ஓடினால் விழும். எந்தப் பக்கம் சாயும் என்பதை மற்றவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் நினைப்பது தீர்மானிக்கிறது. 2022இல் இவர்களுக்கு, பென் பெர்னான்கியோடு சேர்த்து, பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் வங்கி விடும் மறுப்பு அறிக்கைக்குப் பெரிய பலன் இருக்காது. கவிழப்போகும் வங்கியும் அதே அறிக்கையைத்தான் விடும். தொயோகாவாவில் ஜப்பான் மத்திய வங்கி வாய் திறந்து, நோட்டுக் கட்டுகள் வந்திறங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கப்பட்ட பிறகுதான் கூட்டம் தணிந்தது. அப்புறம் பொலிஸ் ஒவ்வொரு வாயாகப் பின்தொடர்ந்து அந்த ரயில் பேச்சுவரை போய்ச் சேர்ந்தது.

நம் மலைநாட்டுக்கு இந்தப் பாடம் அதைவிடப் பழையது. 1869இல் இலைத்துரு நோய் கோப்பிச் செடிகளைப் பிடித்தது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்திருந்த ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன் 1884 மே மாதம் கதவை மூடியது. இங்கே வதந்தி இல்லை, நிஜமாகவே விழுந்தது. கையில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்த வங்கி அச்சடித்தவை என்பதால் எல்லாமே ஸ்தம்பித்திருக்கும். ஆளுநர் ஆர்தர் கோர்டன் லண்டனின் பதிலுக்குக் காத்திராமல், நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். பீதி அடங்கியது. அதே ஆண்டுச் சட்டத்தின் மூலம் நோட்டு அச்சடிக்கும் வேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடன் அட்டை நிறுவனம் சரிந்தபோது, அதே குழுமத்தைச் சேர்ந்த செலான் வங்கிக்கு வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். மத்திய வங்கி நிர்வாகத்தைப் பறித்து இலங்கை வங்கியின் கையில் கொடுத்தது. செலான் பிழைத்தது. வைப்புப் பணம் வாங்க உரிமமே இல்லாத கோல்டன் கீயில் போட்டவர்கள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள்.

2010 முதல் இலங்கையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும். நம் ஆட்களில் பெரும்பாலானோரின் சேமிப்பு அதற்குள் அடங்கிவிடும். ஆகவே வரிசையில் முந்த வேண்டிய அவசியமே போய்விடுகிறது. லயத்துச் சீட்டுக்கு இது செல்லாது. சீட்டுப் பிடிப்பவர் ஊரைவிட்டுப் போகப்போகிறார் என்று காதில் விழுந்தால், முதல் ஆளாகப் போய் அவர் கதவைத் தட்டுவதுதான் இன்றைக்கும் புத்திசாலித்தனம்.