கெரிஸைத் துலக்காதீர்கள்

போன மாதம் ஒருவர் துண்டில் சுற்றி ஒரு கெரிஸ், அதாவது ஜாவாக் குத்துவாள், கொண்டுவந்தார். உறையிலிருந்து உருவினால் எவர்சில்வர் டம்ளர் மாதிரிப் பளபளக்கிறது. "ஒரே கறுப்பா துருப் பிடிச்சிருந்துச்சு சார். பித்தளை துலக்குற பசையப் போட்டு ரெண்டு நாள் தேய்ச்சேன்" என்றார், பெருமையாக. பழைய உலோகப் பொருள்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்தக் கறுப்பு துரு இல்லை. ஜாவாவில் 'எம்பு' என்று மதிப்போடு அழைக்கப்படும் கொல்லர், இரும்பையும் நிக்கல் கலந்த உலோகத்தையும் அடுக்கிக் காய்ச்சி அடிப்பார். மடித்து மறுபடி அடிப்பார். நடுவே ஓர் எஃகுத் தகடு. அடித்து முடித்ததும் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். எலுமிச்சைச் சாற்றில் கரைத்த 'வாராங்கான்' பூசிய பிறகே இரும்பு கறுத்து, நிக்கல் வெள்ளிக் கோடாக எழும். அந்த வரிதான் 'பாமோர்'. சிந்திய அரிசி போலிருந்தால் 'வோஸ் வுத்தா', பொன்மழைத் துளிகள் போலிருந்தால் 'உடான் மாஸ்'. நம்மவர் இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்து அழித்தது இதைத்தான்.

வாராங்கான் என்பது ஆர்சனிக் தாது, நம்மூர்ப் பாஷாணம். வீடியோ பார்த்துவிட்டுச் சமையலறையில் கலக்குகிற சமாச்சாரம் இல்லை. ஜாவாவின் அரண்மனை நகரங்களான சோலோவிலும் யோக்யகர்த்தாவிலும், ஜாவா ஆண்டின் முதல் மாதமான சூரோவில் குலச்சொத்தான கெரிஸ்களை நீராட்டுவார்கள். அதையும் பழகிய கைகள்தான் செய்யும். கறுப்பேறிய கெரிஸைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது, ஈரம் படாமல் வைத்து எப்போதாவது லேசாக எண்ணெய் தடவுவது, அவ்வளவுதான்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 'விலை' என்று சொல்லமாட்டார்கள். 'மாஸ் காவின்' என்பார்கள், கிட்டத்தட்ட நம் பரிசப்பணம். கூடவே "இது விண்கல்லில் செய்தது" என்றொரு கதையும் வரும். ஜாவாவில் பிரம்பானன் கோயில்கள் பக்கம் விழுந்த விண்கல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூரகர்த்தா (சோலோவின் இன்னொரு பெயர்) அரண்மனைக்குப் போனதும், அதில் கெரிஸ் அடித்ததும் உண்மை. அதற்காகச் சந்தையில் கிடைப்பதெல்லாம் வானத்திலிருந்து விழுந்ததாகிவிடாது. பிற்காலத்தில் பெரும்பாலும் சாதா நிக்கல்தான்.

அலகின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அடுக்கி அடித்ததென்றால் இரண்டு பக்கப் பாமோருக்கும் நடுவே எஃகு தனி வரியாக ஓடும். வெறும் இரும்பில் அமிலத்தால் கோடு கீறியதில் அது இருக்காது. 'ஐந்நூறு வருஷப் பழசு' என்று காட்டுவதற்காக அமிலத்தில் ஊறப்போடுகிறவர்களும் உண்டு. அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். அலகின் அடியில் குறுக்கே இருக்கும் 'கஞ்சா' (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) பெரும்பாலும் தனியாகச் செய்து பொருத்தியது. அந்த இணைப்புக்கோடு மெல்லியதாகத் தெரியும்.

அலகைவிட உறை புதிதாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். ஜாவாக்காரர்களுக்கு உறை என்பது உடுப்பு. சடங்குக்குப் படகு போல் வளைந்த 'லட்ராங்', மற்ற நாளுக்கு உருண்ட 'காயமான்', பழசானால் மாற்றுவார்கள். ஆனால் கஞ்சா உறையின் வாயில் சிக்கென்று உட்கார வேண்டும். இடைவெளி தெரிந்தால் அது வேறொரு கெரிஸின் சட்டை. பிடி தந்தம் என்றால் ஒதுங்கிவிடுங்கள். எல்லை தாண்டுவதில் சட்டச் சிக்கல் உண்டு.

சோலோவுக்குக் கிழக்கே லாவு மலைச்சரிவில் சுக்கு கோயில் இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அங்கே ஒரு புடைப்புச் சிற்பத்தில் பீமன் கத்தி அடிக்கிறான், அர்ஜுனன் துருத்தி ஊதுகிறான், நடுவில் ஆனைமுகத்தோடு ஒருவர் ஆடுகிறார். பட்டறையில் பிள்ளையாரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வந்தவர் கேட்டார்: "பழைய கறுப்பு திரும்ப வருமா?" வரும், வரி உலோகத்துக்குள்ளேயே ஓடுவதால், தெரிந்தவர் கையில் மறுபடி வாராங்கான் கண்டால் எழுந்துவிடும். என் கவலை பிடியில்தான். கெரிஸின் பிடியை ஒட்டமாட்டார்கள். அலகின் வால்கம்பியில் துணி சுற்றித் திருகிச் செருகுவார்கள். இவர் ஆடுகிறதே என்று எபாக்ஸிப் பசை ஊற்றியிருக்கிறார். ஊற்றும்போது பிடிக்கும் அலகுக்கும் நடுவே வரும் கிண்ணம் போன்ற வளையத்தை, 'மெண்டாக்'கை, தலைகீழாக வேறு மாட்டிவிட்டார்.

மரம் வெடிக்காமல் அதைக் கழற்ற வேண்டும். மூன்று வாரமாக என் மேசையில்தான் இருக்கிறது.