சொத்தை இல்லாத பல் ஏன் விழுகிறது?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் கரும்பும் போட்டவர் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. அறுபதை நெருங்கும்போது அவருடைய பற்கள் ஆட ஆரம்பித்தன. ஆடும் பல்லை நாக்கால் தள்ளித் தள்ளி, ஒருநாள் சாப்பிடும்போது கையோடு எடுத்துவிடுவார். அதைக் கழுவித் திண்ணையில் வைத்து என்னைக் கூப்பிடுவார். "பாரு கண்ணு, ஒரு ஓட்டை உண்டா இதுல? முழுப் பல்லு." உண்மைதான். வேர் முழுசாக இருக்கும், சொத்தை துளியும் இருக்காது. "வயசாச்சு, உழுகுது" என்பதோடு அவருக்கு விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. கெட்டுப்போகாத பல் எப்படி விழும்? பல் விழவில்லை, பல்லைப் பிடித்திருந்தது விட்டுவிட்டது, அது ஈறு நோயின் வேலை என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

சுவரில் ஆணி அடித்த மாதிரி பல் தாடை எலும்பில் இறங்கியிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது கயிற்றுக் கட்டில் மாதிரி. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அதன் குறுக்கே ஆயிரக்கணக்கான நார்கள். ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் புதைந்து, பல்லைத் தொங்கவிட்டிருக்கின்றன. கரும்பைக் கடிக்கும்போது பல் இம்மியளவு அமுங்கி எழுகிறது. பாரத்தைக் கயிறு வாங்கிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல் கழுத்துப்பட்டி போல இறுக்கமாக உட்கார்ந்திருப்பது ஈறு. எங்கள் பக்கத்துப் பேச்சில் எகுறு. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஒரு சின்னப் பள்ளம் எல்லோருக்கும் உண்டு. நல்ல வாயில் அது 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். கதை முழுக்க இந்தப் பள்ளத்தில்தான் நடக்கிறது.

மாட்டுத் தொட்டியின் உட்பக்கத்தைக் கையால் தடவியிருக்கிறீர்களா? வழுவழுவென்று இருக்கும். தண்ணீரை மாற்றினால் போகாது, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். பல்லின் மேல் தினமும் படிவதும் இதே ரகம். கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, தாங்களே சுரக்கும் பசைக்குள் குடியிருக்கும் படலம். பசைக்குள் இருக்கும்வரை அவற்றை மருந்து எளிதில் தொடாது. இதை முதலில் கவனித்தவர் மருத்துவரே இல்லை, ஹாலந்தில் துணி வியாபாரம் பார்த்த லேவன்ஹூக். தன் பல் இடுக்கில் இருந்த வெள்ளை ஊத்தையை எடுத்துத் தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, துள்ளி ஓடும் சின்ன உயிர்களைப் பற்றி 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வாயை வினிகர் விட்டுக் கொப்பளித்தும் பார்த்தார். ஊத்தையின் வெளிப்பக்கத்து உயிர்கள்தான் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. வெறும் மவுத்வாஷால் ஈறு நோய் ஏன் தீராது என்பதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்த பதில் அது.

தேய்க்காமல் விட்ட படலம் கெட்டியாகிக் காரை ஆகிறது. "போர் தண்ணி உப்பு, அதான் பல்லுல காரை கட்டுது" என்று நம் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. மோட்டார் பைப்பில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்க்கிறவர்கள் அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. ஆனால் பல் காரைக்கான சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் வருவது நம் எச்சிலில் இருந்து. கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். கீழ் முன்பற்களின் உட்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும்தான் காரை அதிகம் கட்டும். எச்சில் சுரப்பிகளின் வாய் திறப்பது அந்த இரண்டு இடங்களில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல்லில் தெரியும் பழுப்புக் கறை வேறு சங்கதி. அது நிலத்தடி நீரின் ஃபுளோரைடு, பல் வளரும் வயதிலேயே உள்ளே ஏறியது. சுரண்டினால் வராது.

சரி, படலம் படிந்தால் ஈறு கெடும் என்று எப்படி நிரூபிப்பது? 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் ரொம்ப எளிய ஒரு காரியம் செய்தார். நல்ல ஈறு உள்ள 12 பேரை, பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களை, பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி விளக்கச் சொன்னார், ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழையபடி ஆனது. வீங்கிய ஈறு திரும்பும் என்பது இந்தச் சோதனையின் நல்ல செய்தி. திரும்பாத கட்டம் அதற்கு அடுத்தது.

வீக்கத்தில் பள்ளம் ஆழமாகிறது. ஆழத்தில் காற்று போகாது. காற்றே வேண்டாத, ரத்தக் கசிவில் பிழைக்கிற கிருமிகள் அங்கே குடியேறுகின்றன. போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒன்று அதில் முக்கியமான புள்ளி. அவற்றை ஒழிக்க ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் பாய்கின்றன. படலத்தை அவற்றால் அழித்து முடிக்க முடிவதில்லை, சண்டையும் நிற்பதில்லை. சண்டையில் கொட்டும் ரசாயனங்கள் நார்களை அறுக்கின்றன. அதே சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் செல்களை எழுப்பிவிடுகின்றன. கிருமி எலும்பைத் தின்னுகிறது என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் எலும்பைக் கரைப்பது நம் உடம்பேதான். அழுக்கு நெருங்க நெருங்க எலும்பு ஒதுங்கிக்கொள்கிறது, கட்டிலின் சட்டமே குட்டையாகிறது.

இதில் எதுவும் பெரிதாக வலிக்காது என்பதுதான் வம்பு. பிரஷ்ஷில் ரத்தம் பட்டால் அதுதான் நோட்டீஸ். நாமோ ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டு மற்றதை விளக்குகிறோம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அந்த நோட்டீஸ்கூட ஒழுங்காக வராது. புகை ஈறின் ரத்தக் குழாய்களைப் பாதிப்பதால் கசிவு குறைந்து, உள்ளே எலும்பு போவது வெளியே தெரியாது. புகையிலையை அதக்குபவர்களுக்குக் கன்னத்தில் அதக்கும் அதே இடத்தில் ஈறு இறங்கியிருக்கும்.

இதே லோ அப்புறம் செய்த ஆய்வுதான் எனக்கு அப்புச்சியை நினைவூட்டியது. 1970-இல் தொடங்கி 15 வருடம், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். மலையகத் தோட்டம் என்றால் பெரும்பாலும் நம் தமிழர்கள்தான். அவர்கள் பிரஷ் வைத்துப் பல் விளக்கும் பழக்கம் இல்லாதவர்கள், பல் மருத்துவரையும் பார்க்காதவர்கள். எல்லோர் வாயிலும் ஊத்தையும் காரையும் உண்டு, சொத்தை மட்டும் அநேகமாக இல்லவே இல்லை. அப்புச்சி வாய் மாதிரியே. ஆனால் முடிவு ஒரே மாதிரி வரவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 45 வயதுக்குள் பற்கள் மொத்தமும் போயின. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, எலும்பு அசையவில்லை. அழுக்கு ஒன்றுதான், உடம்பு வேறு வேறு. 'எங்க ஐயன் செங்கல் பொடியிலதான் விளக்குனாரு, தொண்ணூறு வரைக்கும் முறுக்குக் கடிச்சாரு' என்று யாராவது சொன்னால் நம்புங்கள். அவர் அந்த 11-இல் ஒருவர். நீங்கள் எதில் என்று பல் ஆடுவதற்கு முன்னால் தெரியாது.

உடம்பின் பங்கில் சர்க்கரை நோய்க்குத் தனி இடம். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு ஈறு நோய் முற்றுகிறது; ஈறின் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படவிடாமல் செய்கிறது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பல் டாக்டர் முதலில் சர்க்கரை ரிப்போர்ட் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

போன வருடம் பெரியம்மாவை ஈரோட்டில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனேன். போர் எத்தனை அடி என்று கேட்கிற ஊர்க்காரர்களுக்கு அங்கே நடந்தது சுலபமாகப் புரியும். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் மெதுவாக இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். ஒரு பல்லுக்கு ஆறு இடம். டாக்டர் "மூணு, ரெண்டு, ஆறு" என்று சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். 3 மில்லிமீட்டர் வரை கவலை இல்லை, 6 என்றால் வேலை இருக்கிறது. அப்புறம் ஸ்கேலிங். அல்ட்ராசோனிக் கருவியின் முனை நொடிக்குக் குறைந்தது 20,000 முறை அதிர்ந்து காரையை உடைக்கிறது. ஆழத்தில் வேரோடு ஒட்டியதைக் கையால் சுரண்டுகிறார்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் போதாதா என்று பெரியம்மா கேட்டார். லேவன்ஹூக்கின் வினிகர்தான் பதில். படலத்தை முதலில் உடைத்தாக வேண்டும், மருந்தெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஃபோன். "நல்லா இருந்த பல்லைக் கிளீன் பண்ணி ஆட உட்டுட்டாங்களே கண்ணு!" எல்லா வீட்டிலும் கேட்கிற புகார் இது. நடந்தது என்னவென்றால், எலும்பு ஏற்கெனவே இறங்கியிருந்தது. பற்களைச் சேர்த்துக் கட்டிய சிமென்ட் மாதிரி காரை நின்றது, வீங்கிய ஈறு பல் இடுக்கை மறைத்தது. காரை போய் வீக்கம் வற்றியதும் சந்து தெரிகிறது, வேர் வெளியே வந்து குளிர்ந்த தண்ணீர் கூசுகிறது. ஆட்டம் முன்பே இருந்ததுதான். சில வாரத்தில் ஈறு பல்லோடு ஒட்டி இறுகும்போது அது பெரும்பாலும் குறைகிறது.

போன எலும்பு வருமா? தட்டையாகக் கரைந்திருந்தால் அநேகமாக வராது. குழி போல, பக்கச் சுவர்கள் மிஞ்சும்படி கரைந்திருந்தால் ஒரு வழி உண்டு. ஈறைத் திறந்து சுத்தம் செய்த பின் அந்த இடத்துக்கு ஒரு பந்தயம் நடக்கும். ஈறின் மேல்தோல் செல்கள் வேகமாக ஓடி வந்து வேரை மூடிவிடும். நாரையும் எலும்பையும் கட்டும் செல்கள் மெதுவாக வரும். காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில், ஆட்டை விட்டால் நட்ட மரக்கன்று பிழைக்குமா? கிளுவை வேலி வேண்டும். 1982-இல் ஸ்வீடனைச் சேர்ந்த நைமனும் கூட்டாளிகளும் அதைத்தான் செய்தார்கள். ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படும் ஒரு மெல்லிய தாளை வேலியாக வைத்து மேல்தோலைத் தடுத்ததும், நார் மறுபடி வேரில் பிடித்தது. இன்று உடம்பிலேயே கரையும் வேலிகள் வந்துவிட்டன. ஆனால் எல்லாப் பல்லுக்கும் இது பலிக்காது, செலவும் அதிகம்.

ஆழத்தில் கிருமிகள் மறுபடி குடியேறச் சுமார் மூன்று மாதம் போதும். டாக்டர் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னது அதனால்தான். பெரியம்மா போனார். 6 என்று எழுதிய இடங்களில் பாதி 4 ஆகியிருந்தது. சந்தில் கீரை மாட்டுகிறது என்றார். பல் இடுக்கில் விட்டுத் தேய்க்க ஒரு குட்டி பிரஷ் கொடுத்தனுப்பினார்கள். "பொம்மைக்கு வாங்குன பாட்டில் பிரஷ்ஷாட்ட இருக்குது" என்று திட்டிக்கொண்டே, ராத்திரி சீரியல் முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறார்.