ரன்: ஒரே சொல், 645 பொருள்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைப் புதுப்பிக்கும் வேலையில் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளரின் பங்குக்கு 'ரன்' என்ற வினைச்சொல் வந்தது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. முடித்துக் கொடுக்க அவருக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் பிடித்தது. 2011-இல் வேலை முடிந்தபோது அந்தச் சொல்லுக்கு 645 பொருள் தேறியிருந்தது. 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு. அந்த வினைக்கு 430 பொருள்தான்.

இத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. ஆங்கிலம் பேசும் வீட்டுச் சின்னக் குழந்தைகூட மூக்கு 'ரன்' ஆகிறது, குழாய் 'ரன்' ஆகிறது என்று தடுமாறாமல் சொல்லும். எப்படி?

தொடக்கம் கால்களில்தான். ஓர் உடம்பு, கால்களை வீசி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு, வேகமாக, நிற்காமல் போகிறது. இந்தக் காட்சியில் எதை வைத்துக்கொள்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்பதில்தான் புதுப் பொருள் கிளைக்கிறது. கால்களை விட்டுவிட்டு, நிற்காமல் போவதை மட்டும் வைத்துக்கொண்டால் ஆறு, குழாய்த் தண்ணீர், ஒழுகும் மூக்கு, துவைக்கும்போது சாயம் போகும் துணி. இடம்பெயர்வதையும் விட்டுவிட்டு, நிற்காமல் இயங்குவதை மட்டும் வைத்துக்கொண்டால் மோட்டார், ஆலை, கணினி நிரல். கிரிக்கெட்டில் ஓடியதை எண்ணப் போய் அந்த எண்ணிக்கைக்கே 'ரன்' என்று பெயர் வந்தது. இன்று பந்து எல்லைக் கோட்டைத் தொட்டால் ஒருவரும் ஓட வேண்டாம், ஆனாலும் நான்கு ரன்.

எனக்கு மிகவும் பிடித்தது அசையாத பொருள்களுக்கு இந்தச் சொல் வருவதுதான். பள்ளத்தாக்கு வழியாகச் சாலை 'ரன்' ஆகிறது என்பார்கள். சாலை எங்கும் போகவில்லை, கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அப்படியானால் ஓட்டம் செத்துப்போய், சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறதா? டீனி மாட்லாக் என்ற அறிதல் அறிவியலாளர் இதைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார். படிப்பவர்களுக்கு முதலில் ஒரு சிறு பயணக் கதை. சிலருக்கு வேகமான பயணம், சிலருக்கு மெதுவான பயணம். அதன்பின், சாலை அந்த நிலத்தின் குறுக்கே போவதாகச் சொல்லும் ஒரு வாக்கியம். மெதுவான பயணத்தைப் படித்தவர்களுக்கு அதே வாக்கியத்தைப் படித்து முடிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது. மனம் அந்தச் சாலையில் ஒருமுறை போய்வருகிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இத்தனை பொருளில் சரியானதை மூளை எப்படிப் பிடிக்கிறது? 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் இதைக் கண்டறிய ஒரு வழி கண்டார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவியும் அதுதான். பூச்சியைப் பற்றிய வாக்கியத்தில் இச்சொல்லைக் கேட்ட கணத்தில், கேட்பவர் மனத்தில் இரண்டு பொருளும் விழித்துக்கொள்கின்றன. மூன்று அசை தாண்டுவதற்குள் பொருந்தாதது அடங்கிவிடுகிறது. இவ்வளவும் நமக்குத் தெரியாமலே நடக்கிறது.

அப்படியென்றால் பொருள் கூடக்கூட மூளைக்குச் சுமைதானே என்று தோன்றும். 2002-இல் ஜெனிஃபர் ராட் என்ற உளவியலாளரும் சகாக்களும் கண்டது வேறு. நாய் குரைப்பதும் மரப்பட்டையும் ஆங்கிலத்தில் 'பார்க்'தான், ஆனால் இரண்டுக்கும் உறவில்லை. நம் வீட்டு ஓடும் 'ஓடு' என்ற வினையும் போல. இப்படிப்பட்ட சொற்களை அடையாளம் காண மூளைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது. 'ரன்' போல ஒரே வேரில் கிளைத்த பொருள்கள் பல இருந்தாலோ, சொல் விரைவாகவே பிடிபடுகிறது. உறவுக்காரப் பொருள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

தமிழில் யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கவலை வந்தால் நமக்கு ஒன்றும் ஓடுவதில்லை. தமிழும் ஆங்கிலமும் வேறு வேறு மொழிக் குடும்பங்கள். ஆனால் ஓடுகிற கால்கள் எல்லாருக்கும் ஒன்றுதானே.

அப்புறம், பாதை பிரியும் இடங்களும் உண்டு. ஆங்கிலத்தில் கடையை 'ரன்' செய்கிறார்கள், அதாவது ஓட வைக்கிறார்கள். நாம் கடையை நடத்துகிறோம், அதாவது நடக்க வைக்கிறோம். தேர்தல் வந்தால் அமெரிக்க வேட்பாளர் 'ரன்' ஆகிறார். அதே ஆங்கிலம் பேசும் பிரிட்டனில் வேட்பாளர் 'ஸ்டாண்ட்' ஆகிறார். நம் ஊரிலும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள்.