வயதுக்கு வருமுன் பேச வேண்டிய பேச்சு

நம் வீடுகளில் பெண்பிள்ளையிடம் மாதவிடாய் பற்றிப் பேசுவது பெரும்பாலும் முதல் உதிரப்போக்கு வந்த பிறகுதான். தாய்மாமனுக்குத் தகவல் போகும், சடங்குக்கு நாள் பார்ப்பார்கள், உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தட்டுக்கு வரும். நடுவில் யாராவது ஒருவர் நாப்கின் வைக்கச் சொல்லிக்கொடுப்பார். இதெல்லாம் ஏன் நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். உடலின் கணக்குப்படி அந்தப் பேச்சு ஏற்கெனவே இரண்டு வருடம் தாமதம்.

பருவ மாற்றம் தொடங்குவது மூளையில். ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி, ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கும். குழந்தை பிறந்த முதல் சில மாதங்களில் இது ஒருமுறை விழித்துக்கொண்டு, அப்புறம் பல வருடங்கள் அடங்கிக் கிடக்கும். அதை மறுபடி எழுப்புவதில் கிஸ்பெப்டின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் சமிக்ஞையை வாங்கும் ஏற்பியில் பழுது இருந்தால் பருவ மாற்றமே வராமல் போகும் என்பது 2003இல் தெரியவந்தது. ஆரம்பத்தில் இந்தச் சுரப்பு கூடுவது பிள்ளை தூங்கும் நேரத்தில்தான். பிட்யூட்டரி சுரப்பி அதைக் கேட்டு சினைப்பையையும் விரைகளையும் தூண்டும். அங்கிருந்து ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் ரத்தத்தில் கலக்கும். வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் முதலில் மார்பு மொட்டு விடும். ஒரு பக்கம் மட்டும் முதலில் வருவதும் உண்டு. கட்டியோ என்று அம்மாக்கள் பதறிவிடுகிறார்கள், அது இயல்பானதுதான். அடுத்து உயரம் கூடும். மொட்டு விட்டு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் கழித்தே முதல் மாதவிடாய். ஆக, எப்போது பேசுவது என்பதை மகளின் உடலே முன்கூட்டிக் காட்டிவிடுகிறது. முதல் ஓரிரு வருடங்களில் சுழற்சி 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், தேதி தள்ளும்போது அவள் தனியாகப் பயந்துகொண்டிருக்க மாட்டாள்.

பையன்களுக்குச் சடங்கும் இல்லை, சொல்வாரும் இல்லை. 9 முதல் 14 வயதுக்குள் விரைகள் பெரிதாவதுதான் முதல் அறிகுறி; அதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. பிறகு ஒருநாள் தூக்கத்தில் விந்து வெளியேறும். நோய் என்று நினைத்து பயந்துபோகிறான். 'ஒரு சொட்டு விந்து அறுபது சொட்டு ரத்தம்' என்று கேள்விப்பட்டு, உடம்பே கரைந்துபோவதாக நம்பி நொடிந்துபோகும் இளைஞர்கள் ஏராளம். மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் இந்த அவதிக்கு 'தாத் நோய்க்குறி' என்றே பெயர் வைத்தார் ('தாத்' என்றால் இந்தியில் விந்து). உண்மையில் விந்து ரத்தத்தை இழந்து உண்டாவதில்லை. அதன் பெரும்பகுதி விந்துப்பைகளிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் திரவம். தூக்கத்தில் வெளியேறுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. அப்பா இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாத வீட்டுப் பையன் போலி வைத்தியர்களின் விளம்பரத்தை நம்புகிறான்.

காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் மூளையில் இருக்கிறது. ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகளின் மூளையில் மகிழ்ச்சியோடு தொடர்புள்ள பகுதிகள் அம்மாவின் குரலுக்கு அதிகம் கிளர்ந்தன. 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறிமுகமில்லாத குரல்களே கூடுதலாக ஈர்த்தன. இதைப் பிள்ளையின் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியுலகில் பழகுவதற்கு மூளை தயாராகிறது. ஆனால், எட்டு வயதிலிருந்தே பேசிப் பழகிய வீட்டில் பதின்மூன்றில் பேசுவது எளிது. அதுவரை வாய் திறக்காத வீட்டில் அப்போது தொடங்குவது இரு தரப்புக்கும் சங்கடம்.

"இதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள்" என்ற பயம் பெற்றோருக்கு இருக்கிறது. யுனெஸ்கோ 2018இல் புதுப்பித்த வழிகாட்டி, பாலியல் கல்வி பிள்ளைகளின் பாலுறவைக் கூட்டுவதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. பெற்றோரின் பேச்சைப் பற்றிய 52 ஆய்வறிக்கைகளை, 25,000க்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரின் தகவல்களோடு 2016இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வீட்டில் பேசிய பிள்ளைகள் பாலுறவு விஷயத்தில் பாதுகாப்பாக நடந்துகொள்வது சற்றுக் கூடுதலாக இருந்தது. பலன் சிறியதுதான், அம்மா பேசும்போதும், மகளிடம் பேசும்போதும் கொஞ்சம் அதிகம். அப்பாக்கள் இந்த வேலையில் இன்னும் முழுதாக இறங்கவில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

எதிரே உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டாம். துணி மடிக்கும்போது, பைக்கில் போகும்போது, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். மிச்சத்தை இன்னொரு நாள் பேசலாம். உறுப்புகளின் பெயரை மட்டும் கூசாமல் சொல்லுங்கள்; ஆபத்து நேரத்தில் பிள்ளை அதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விரை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். பதின்பருவத்தில்தான் இது அதிகம் வருகிறது. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அறுவைசிகிச்சை நடந்தால் விரையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. வெட்கப்படும் பையன் "வயிறு வலிக்குதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வான். "அங்கே திடீர்னு வலிச்சா நடுராத்திரியா இருந்தாலும் எழுப்புடா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று இந்த வாரமே சொல்லிவையுங்கள்.